அடைக்கலங்குருவி

பறவைகளுக்குத் தமிழர் இட்ட பெயர்கள் பொருள் பொதிந்தவை. மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி. மீனைக் கொத்துவது மீன்கொத்தி. வால் இரண்டாகப் பிளந்தது இரட்டைவால் குருவி; தூக்கிய கூடு கட்டுவது தூக்கணாங்குருவி. இவ்வாறு தொழிலாலும் உருவாலும் பெயர் பெற்ற பறவைகள் பல. ஆனால் மனிதரோடு கொண்ட உறவு ஒன்றினாலேயே பெயர் பெற்ற பறவையும் உண்டு. அதுவே அடைக்கலங்குருவி. சிட்டுக்குருவி என்று இன்று நாம் வழங்குகின்ற அச்சிற்றுயிரை நம் முன்னோர் இப்பெயராலும் அழைத்தனர்.

அடைக்கலம் என்னும் சொல் எளிய சொல் அன்று. கேட்பவர் ஒருவர், கொடுப்பவர் ஒருவர் என இருவர் கூடிய இடத்திலேயே அது பிறக்கிறது. கொடுப்பவருக்கு ஒரு கடமை உண்டு. பெறுபவருக்கும் ஒரு கடமை உண்டு. பிறந்த ஊரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு இம்மண்ணிற்கு வந்து குடியமர்ந்த நம்மைப் போன்ற குடும்பத்தார்க்கு இச்சொல்லின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆதலின் நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில், மன்னர் வரலாற்றையும் போர் வரலாற்றையும் ஒருபுறம் வைத்து, இச்சிறு பறவை மனிதர் வீட்டில் குடிபுகுந்த வரலாற்றைச் சிறிது காண்போம்.

சங்கப் புலவர் கண்ட கூடு

பறவை கூடு கட்டுவதையும் குஞ்சு வளர்ப்பதையும் அருகிருந்து காண்பது மேலைநாட்டார் நமக்குக் கற்பித்த பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உளர். குறுந்தொகையைப் புரட்டினால் அவ்வெண்ணம் நீங்கும்.

அந்நூலின் 85ஆம் பாட்டு வடம வண்ணக்கன் தாமோதரனார் பாடியது. துள்ளித் துள்ளி நடக்கும் உள்ளூர்க் குருவிச் சேவல் ஒன்று, சூல் முதிர்ந்த தன் பேடைக்கு ஈனில் அமைக்க விரும்பி, கரும்பின் மணமற்ற வெண்பூவைக் கோதி எடுக்கும் காட்சியை அவர் அதில் வைத்தார். கருவுற்ற பெண்ணுக்கு மெத்தென்ற படுக்கை தேடும் கணவனின் பரிவை ஒரு குருவியிடம் கண்ட கண் அது! சேவலும் கூட்டிற்குப் பொருள் கொணரும் என்று இன்றைய பறவை நூலார் எழுதுகின்றனர். கரும்புத் தோட்டமும் வெல்ல ஆலையும் மிகுந்த இந்தச் சித்தூர்ச் சீமையில் வாழும் நமக்கு அப்பாட்டின் வெண்பூ புதியதன்று.

46ஆம் பாட்டு மாமலாடனார் பாடியது. அதில் வரும் குருவிகள் முற்றத்தில் உலரும் தானியத்தை உண்கின்றன. ஊர் மன்றத்து எருவின் நுண்ணிய பொடியைக் குடைந்து ஆடுகின்றன. மாலையில் வீட்டின் இறப்பிலே தம் குஞ்சுகளோடு தங்குகின்றன. உணவு, புழுதிக் குளியல், உறைவிடம் ஆகிய மூன்றும் மனிதர் வாழிடத்திலேயே அமைந்து விடுகின்றன. குருவியின் வாழ்க்கை முழுவதையும் சில அடிகளில் அடக்கிவிட்டார் புலவர். அங்ஙனம் குருவிகளைக் கண்ட தலைவி, பொருள் தேடிப் பிரிந்த தன் தலைவனை நினைக்கிறாள். இத்தகைய மாலைப் பொழுதும் தனிமைத் துயரும் அவர் சென்ற நாட்டில் இல்லையோ என்று தோழியைக் கேட்கிறாள். புலம்பெயர்ந்தாரின் பிரிவைச் சொல்ல அப்புலவருக்குத் துணை நின்றது வீட்டுக் குருவியே.

ஊர்க்குருவியும் ஊரபிச்சுகமும்

உழவு தொடங்கிய காலத்திலிருந்தே இக்குருவி மனிதனைத் தொடர்ந்து வந்தது என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. மேற்காசியாவில் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதன் தானியத்தை விளைவித்துச் சேமிக்கத் தலைப்பட்டபோது, சிந்திய மணிகளைப் பொறுக்க வந்தது குருவி. களத்துமேடு அதற்குச் சோறிட்டது. கூரை இடம் தந்தது.

நாம் வாழும் வட்டாரம் இதற்கு ஏற்ற சான்று. சித்தூரிலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில் உள்ள காணிப்பாக்கத்தை அறியாதார் யார்? காணி என்பது நன்செய் நிலம். அந்நிலத்தில் நீர் பெருகிப் பாய்ந்தமையால் அவ்வூர் அப்பெயர் பெற்றது என்று தலவரலாறு கூறும். உழவர் மூவர் தம் கிணற்றை ஆழப்படுத்த முற்பட்டபோது சுயம்புவாக வெளிப்பட்டவர் வரசித்தி விநாயகர் என்பது மரபு. கோயிலைக் குலோத்துங்க சோழன் எடுப்பித்தான் என்பர். கிணறும் கழனியும் களமும் கோயிலும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் இத்தகைய ஊர்களே குருவியின் தாயகம்.

சித்தூர் நகரம் 1911 வரை வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராய் விளங்கியது. அவ்வாண்டில் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கோடுகள் இடம் மாறின. மக்கள் இருமொழியும் பேசி ஒருவரோடு ஒருவர் கலந்தே வாழ்ந்தனர். குருவியின் பெயரிலும் இவ்வொற்றுமை புலனாகிறது. நாம் ஊர்க்குருவி என்கிறோம். தெலுங்கர் ஊரபிச்சுக என்கின்றனர். நெல்லூரில் மருத்துவராய்ப் பணியாற்றிய ஜெர்டன் என்னும் ஆங்கிலேயர் 1862 முதல் 1864 வரை வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூலில், பறவைகளுக்கு மக்கள் வழங்கிய தெலுங்குப் பெயர்களையும் தமிழ்ப் பெயர்களையும் தேடிக் குறித்தார். ஊரைச் சேர்ந்தது என்று இருமொழியாரும் ஒருங்கே உரிமை கொண்டாடிய பறவை இது.

உரிமையோடு உணவும் கொடுத்தனர். அறுவடை முடிந்ததும் முதிர்ந்த நெற்கதிர்களை அழகுறப் பின்னிக் கொத்தாகக் கட்டி, வீட்டு இறப்பிலும் கோயில் மண்டபத்திலும் தொங்கவிடும் வழக்கம் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் உண்டு. பார்ப்பவர்க்கு அது தோரணம். குருவிக்கு அது பந்தி. உழைத்து விளைவித்தவன் தன் விளைச்சலில் ஒரு பங்கை, ஏரும் பிடிக்காத களையும் எடுக்காத ஒரு சிற்றுயிருக்கு ஒதுக்கினான். குருவியும் அவ்வுதவிக்குக் கைம்மாறு செய்யாமல் இல்லை. தான் தானியம் தின்னும் பறவையாயினும், தன் குஞ்சுக்கு முதல் நாட்களில் அது ஊட்டுவது பெரும்பாலும் புழுவும் பூச்சியுமே. பயிரைத் தின்னும் புழுக்கள் எத்தனையோ அக்குஞ்சுகளின் வாயில் மடிகின்றன.

ஊரே காத்த பறவைகள்

தனி வீடு குருவிக்கு இடம் தந்தது போல, ஓர் ஊர் முழுவதும் சேர்ந்து பறவைகளுக்கு அரண் ஆனதும் உண்டு. செங்கற்பட்டுச் சீமையின் வேடந்தாங்கல் ஏரியில் கூடுகட்டும் நீர்ப்பறவைகளை அவ்வூரார் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். வேட்டைக்காரர் துப்பாக்கியோடு புகுந்தபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டனர். 1798இல் அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களது காவல் உரிமையை ஏற்று ஆணை வழங்கினார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் கழனிக்கு நல்ல உரமாவதை ஊரார் அறிந்திருந்தனர். அன்பும் பயனும் இங்கே கைகோத்து நின்றன.

வேடந்தாங்கல் நமக்குத் தொலைவு எனின், நம் அண்டையிலேயே நேலபட்டு இருக்கிறது. முன்பு நெல்லூர் மாவட்டத்தில் இருந்து, 2022இல் அமைந்த திருப்பதி மாவட்டத்தில் இப்போது சேர்ந்துள்ள அவ்வூர் ஏரியில், நீர்க்கடம்பு மரங்களின் மேல் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. ஏறத்தாழ அக்டோபர் முதல் மார்ச் வரை அங்கே நத்தைகுத்தி நாரையும் வெள்ளை அரிவாள்மூக்கனும் இராக்கொக்கும் நீர்க்காகமும் குஞ்சு பொரிக்கும். 1976இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயம் என்னும் வடசொல்லும் அடைக்கலம் என்னும் தமிழ்ச் சொல்லும் ஒன்றையே குறிப்பன என்பதை இங்கு நினைவிற் கொள்க.

கடல் கடந்த குருவி

இதுகாறும் கொடுப்பவரின் கடமையைக் கண்டோம். பெறுபவரின் கடமையை உணர்த்தும் வரலாறு அமெரிக்காவில் நிகழ்ந்தது.

அந்நாட்டில் நீலப்பறவை என்றொரு பறவை உண்டு. முதுகு வான நீலம், மார்பு செங்காவி. நம் குருவியினும் சற்றே பெரியது. பட்ட மரத்துப் பொந்திலும், மரங்கொத்தி குடைந்து கைவிட்ட துளையிலும், பழைய மரவேலிக் கம்பத்தின் ஓட்டையிலும் அது கூடு கட்டும். தானே பொந்து குடையும் வல்லமை அதற்கு இல்லை. பிறர் விட்ட இடமே அதன் வீடு. பறவைக்கு வீடு கொடுப்பது அந்நாட்டுப் பூர்வகுடிகளுக்கும் புதிதன்று. சுரைக்குடுக்கைகளைக் குடைந்து கம்பங்களில் தொங்கவிட்டு ஒருவகைத் தகைவிலான்களை அவர்கள் தம் குடியிருப்பில் வாழச் செய்தனர்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க நகரங்களின் நிழல்மரங்களைக் கம்பளிப்புழுக்கள் மொட்டையடித்தன. அவற்றைத் தின்று ஒழிக்குமென்று இங்கிலாந்திலிருந்து சிட்டுக்குருவிகளைக் கொணர்ந்து 1851இல் நியூயார்க்கை அடுத்த புரூக்ளினில் பறக்கவிட்டனர். முதலில் வந்தவை தழைக்கவில்லை, மீண்டும் கொணர்ந்தனர். குருவி தலையில் பனங்காயை ஏற்றிய கதையாயிற்று. குஞ்சுக்கு மட்டும் புழுத் தேடும் பறவை ஒரு நகரத்தின் புழுக்களையெல்லாம் எங்ஙனம் தின்று தீர்க்கும்? புழு ஒழியவில்லை, குருவி பெருகிற்று. 1870களில், குருவியைக் கொணர்ந்தது நன்றெனப் பிரூவர் என்னும் அறிஞரும் தீதெனக் கூவ்ஸ் என்னும் அறிஞரும் சொற்போர் புரிந்தனர். 1889இல் அந்நாட்டு வேளாண்மைத் துறை இக்குருவியைப் பற்றியே ஒரு பெருநூல் வெளியிட்டு அதன் தீமைகளைப் பட்டியலிட்டது. 1890இல் நியூயார்க் நடுப் பூங்காவில் ஐரோப்பிய மைனாவும் விடுவிக்கப்பட்டது.

வந்த இரு பறவைகளும் பொந்தில் வாழ்பவை. இருக்கும் பொந்துகளோ சில. நீலப்பறவையின் முட்டையை உடைத்தும், குஞ்சைக் கொன்றும், சில வேளை அடைகாக்கும் தாயையே கொத்திக் கொன்றும் குருவி அவ்விடத்தைக் கைப்பற்றியது. அதே காலத்தில் உழவர் பட்ட மரங்களை வெட்டினர். மரக் கம்பங்களை நீக்கி இரும்புக் கம்பம் நட்டனர். தோட்டங்களில் பூச்சிமருந்து தெளித்தனர். நீலப்பறவை அருகலாயிற்று.

அதனைக் காத்தது அரசன்று, எளிய மக்கள். 1930களில் இல்லினாய் மாநிலத்துக் குவின்சி நகரைச் சேர்ந்த முசெல்மன், நாட்டுப்புறச் சாலையோரக் கம்பங்களில் மரப்பெட்டிகளை வரிசையாக மாட்டினார். அவர் காட்டிய வழியைப் பலர் பின்பற்றினர். ஓய்வு பெற்ற வேளாண் வேதியியலாளர் லாரன்ஸ் ஸெலெனி இப்பணியை நாடறியச் செய்தார். 1978இல் வட அமெரிக்க நீலப்பறவைச் சங்கம் தோன்றியது. கொல்லையில் ஒரு பெட்டி, அதில் ஒன்றரை அங்குல வட்டத் துளை. அத்துளையில் ஐரோப்பிய மைனா நுழைய இயலாது. ஆனால் குருவி நுழைந்துவிடும். ஆதலின் பெட்டி வைத்தவர் வாரந்தோறும் சென்று திறந்து பார்த்துக் குருவி வைக்கும் புல்லை அகற்ற வேண்டியதாயிற்று. அப்பெட்டிகளில் நான்கைந்து நீல முட்டைகளும், இரண்டு வாரத்தில் குஞ்சுகளும், மேலும் இரண்டரை வாரத்தில் பறந்து செல்லும் இளம்பறவைகளும் கண்டு குடும்பங்கள் களித்தன. நீலப்பறவை மீண்டும் பெருகியது.

இங்கே ஒரு விந்தையைக் காணலாம். நம் வீட்டில் அடைக்கலங்குருவி என்று பெயர் பெற்ற அதே இனம், அங்கே பிறர் வீட்டைப் பறிக்கும் பகையெனப் பெயர் பெற்றது. குருவி மீது குற்றம் காணல் தகாது. அதற்கு அறம் தெரியாது. இருப்பவரின் இடம் என்னாகும் என்று எண்ணாமல் கொணர்ந்து விட்டவர் மனிதர். எனினும் அவ்வரலாறு நமக்கு ஒன்றைச் சொல்லாமல் சொல்கிறது. வந்தவர் வாழலாம், ஆனால் இருப்பவரின் கூட்டைக் கலைத்து வாழலாகாது. நாம் இம்மண்ணின் மொழியைக் கற்று, இம்மண்ணின் திருநாளைக் கொண்டாடி, நம் தமிழையும் காத்து வாழ்வதெல்லாம் இவ்வறத்தின் பாற்பட்டதே.

குருவியை ஒழிக்கப் புகுந்தவர் பட்ட பாட்டையும் ஒரு சொல்லில் குறித்தல் வேண்டும். சீன அரசு 1958இல் தானியத்தைத் தின்னும் குற்றத்திற்காக அந்நாட்டு மரச்சிட்டைப் பகையென அறிவித்தது. மக்கள் பறையறைந்து அவற்றை அமரவிடாது விரட்டி, கோடிக்கணக்கில் கொன்றனர். தின்ன ஆளின்றிப் பூச்சிகள் பெருகின. 1960இல் பகைப் பட்டியலிலிருந்து குருவியை நீக்கி மூட்டைப்பூச்சியைச் சேர்த்தனர். அதற்குள் பெரும் பஞ்சம் சூழ்ந்தது. குருவிகளை அழித்ததும் அதன் காரணங்களுள் ஒன்றாயிற்று.

வீடிழந்த குருவி

இனி நம் நாட்டு நிலையை நோக்குவோம். குருவி முற்றிலும் மறைந்து வருகிறது என்று பலர் கூறுவர். 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சிட்டுக்குருவியின் தொகை கால் நூற்றாண்டாக ஏறக்குறைய நிலையாகவே இருப்பதாகவும், சென்னை, பெங்களூர், ஐதராபாத், மும்பை, தில்லி, கொல்கத்தா ஆகிய பெருநகரங்களில் குறைந்து வருவதாகவும் தெரிவித்தது. கைப்பேசிக் கோபுரமே காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றும் அது கூறியது. ஊரில் இருக்கிறது, நகரில் இல்லை. ஏன்?

சங்கப் புலவர் சொன்ன மூன்றையும் எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். முற்றத்தில் உலர்ந்த தானியம் எங்கே? அரிசி பையில் வருகிறது. புடைப்பாரும் இல்லை, சிந்துவாரும் இல்லை. குடைந்தாடும் புழுதி எங்கே? முற்றமெல்லாம் சிமெண்டு. குஞ்சோடு தங்கிய இறப்பு எங்கே? ஓட்டு வீட்டின் உத்தரத்திற்கும் சுவருக்கும் இடையே இருந்த சந்து, கான்கிரீட்டுத் தளத்தில் இல்லை. செடியும் புதரும் குறைந்து மருந்தும் தெளித்தமையால் குஞ்சுக்கு வேண்டிய புழுவும் குறைந்தது. நாம் குருவியை விரட்டவில்லை. ஆனால் கதவைச் சாத்திவிட்டோம்.

இதனை உணர்ந்தோர் மீண்டும் கதவைத் திறக்க முயன்றனர். நாசிக்கைச் சேர்ந்த முகமது திலாவர் கூட்டுப் பெட்டிகளைப் பரப்பும் இயக்கத்தைத் தொடங்கினார். 2010 முதல் மார்ச் 20ஆம் நாள் உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அவ்வாண்டே இந்திய அஞ்சல் துறை குருவியின் உருவம் தாங்கிய அஞ்சல்தலையை வெளியிட்டது. 2012இல் தில்லி அரசு அதனைத் தன் மாநிலப் பறவையாக ஏற்றது.

நம் காலனியில் செய்யத்தக்கது

ஓட்டு வீட்டை மீண்டும் கட்ட நம்மால் இயலாது. ஒரு சிறு பெட்டியைச் சுவரில் மாட்ட இயலும். வண்ணம் பூசாத பலகையால் ஐந்தாறு அங்குல அகலமுள்ள பெட்டி செய்து, ஒன்றேகால் அங்குல வட்டத் துளை இடுக. துளையிலிருந்து அடிப்பலகை வரை ஐந்து அங்குலமேனும் ஆழம் வேண்டும். பூனையின் கை குஞ்சை எட்டலாகாது. துளையின் கீழே குச்சி வைத்தல் வேண்டா. அது குருவியினும் காக்கைக்கே உதவும். பத்தடி உயரத்தில், நண்பகல் வெயிலும் மழைச் சாரலும் படாத இடத்தில் மாட்டுக. இராயலசீமையின் கோடை வெயில் தகரப் பெட்டியை அடுப்பாக்கிவிடும். ஆதலின் தகரம் ஆகாது. நீலப்பறவைப் பெட்டியைப் போல இதை அடிக்கடி திறந்து பார்க்கவும் வேண்டா. எட்டி நின்று காண்பதே இனிது.

பெட்டி மட்டும் போதாது. மண் கலயத்தில் நீரும், ஒரு சாண் அகலமேனும் புழுதி மண்ணும், மருந்து தெளிக்காத சில செடிகளும் உடன் இருத்தல் வேண்டும். பொங்கலுக்கு ஒரு கொத்து நெற்கதிரைத் தொங்கவிட்டால் பழைய மரபும் தழைக்கும்.

நற்பேறு வாய்த்து ஓரிணை குடிபுகுந்தால் சிறுவர்க்கு அதைவிடச் சிறந்த பாடம் இல்லை. கழுத்தில் கருந்திட்டு உடையது சேவல், இல்லாதது பேடு. மூன்று முதல் ஐந்து முட்டைகள். ஏறத்தாழ இரண்டு வாரம் அடைகாத்தல். மேலும் இரண்டு வாரம் குஞ்சு வளர்த்தல். நாள்தோறும் எத்தனை முறை தாய் இரை கொணர்ந்தது என்று ஒரு குறிப்பேட்டில் சிறுவர் எழுதி வைக்கட்டும். பறவையியல் மேதை சாலிம் அலி பத்து வயதளவில் ஒரு குருவிக் கூட்டைப் பற்றி எழுதிய குறிப்பு, அவர் முதுமையிலும் போற்றப்பட்டது. அவரது வாழ்வைத் திருப்பியதும் ஒரு சிட்டே. மஞ்சள் கழுத்துடைய காட்டுச் சிட்டு ஒன்றின் பெயரை அறிய 1908இல் அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் படியேறினார். 1985இல் எழுதிய தன் வரலாற்றிற்கும் குருவியின் பெயரையே சூட்டினார்.

நம் பிள்ளைகள் தெலுங்கும் ஆங்கிலமும் கற்றுத் தேர்கின்றனர். அதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் பிச்சுக என்றும் ஸ்பாரோ என்றும் அறிந்த பிள்ளைக்கு, அதற்குத் தமிழில் அடைக்கலங்குருவி என்றொரு பெயர் உண்டென்பது தெரியாமற் போனால், இழப்பு ஒரு சொல்லோடு நில்லாது. அச்சொல்லில் பொதிந்திருக்கும் பண்பும் உடன் போய்விடும். பறவை இருந்தால் பெயர் நிலைக்கும். பெயர் நிலைத்தால் பண்பு நிலைக்கும்.

காணிப்பாக்கத்து விநாயகர் முன் பொய்ச் சத்தியம் செய்ய எவரும் அஞ்சுவர். வழக்கு முற்றிய இருவர் திருக்குளத்தில் மூழ்கி எழுந்து அவ்விறைவன் திருமுன் சத்தியம் செய்து தீர்த்துக்கொள்ளும் வழக்கம் இன்றும் உண்டு. அடைக்கலம் என்பதும் அத்தகைய வாக்கே. குருவிக்கு அப்பெயரை இட்ட அன்றே நம் முன்னோர் அவ்வாக்கைக் கொடுத்துவிட்டனர். இம்மண்ணின் மக்கள் நமக்கு இடம் கொடுத்தனர். நாம் நம் சுவரில் ஒரு சாண் இடத்தைக் குருவிக்குக் கொடுப்போம். முன்னோர் வாக்கைக் காப்போம்.

வாழ்க சங்கம்! வாழ்க அடைக்கலம் தந்த மண்!